பூங்காவில் லாம்பியோன் மாலை: ரீயூனியனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் 20 நெருங்கினால் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் பல ஊர்களில் லாம்பியோன் (குச்சியில் தொங்கவிட்டு ஏந்தும் காகித விளக்கு) ஊர்வலம் உண்டு. பள்ளி வாசலில் கூடித் தெருவைச் சுற்றிப் பூங்காவில் முடிப்பார்கள். சில இடங்களில் பூங்காவுக்குள்ளேயே சுற்றிவருவார்கள். நேரம், பாதை, தடைகள் எல்லாம் நகராட்சிக்கு நகராட்சி மாறும் என்பதால் அந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அறிவிப்பில் போடாத, ஆனால் எல்லோரும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில்.

இது தீபாவளியா, கார்த்திகையா, கோவில் விழாவா?

மூன்றும் இல்லை. 1848 டிசம்பர் 20 அன்று சர்தா கரிகா இந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்ததாக அறிவித்தார். 60,000-க்கும் மேற்பட்டவர்கள் விடுதலை பெற்ற நாள் அது. ஃபெத் காஃப் (காஃப்ர், அதாவது ஆப்பிரிக்க வழி மக்களின் விழா) என்று கொண்டாடுகிறோம். 1983-இல் அரசு விடுமுறையானது. பந்தமும் லாம்பியோனும் ஏந்தி நடப்பது அந்த நினைவுக்காக. பூசை, சடங்கு எதுவும் கிடையாது, யாரும் வரலாம்.

"அது காஃப்ர் மக்களின் விழா, நமக்கென்ன?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பது உண்டு. விடுதலையானவர்கள் கரும்புத் தோட்டங்களை விட்டு வெளியேறியபோது அந்த இடத்தை நிரப்பத்தான் புதுச்சேரி, காரைக்கால், சென்னை வழியாக நம் முன்னோரைப் பெருமளவில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். 1882-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஆளனுப்புவதை நிறுத்தும் வரை அது தொடர்ந்தது. அந்த டிசம்பரோடு நம் குடும்பங்களுக்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. தயங்காமல் போங்கள்.

சேந்த்-ஆந்த்ரேயின் தீபாவளி விழா வேறு. அது அக்டோபர், நவம்பரில் வரும். அலங்கார வண்டிகள் போகும், நீங்கள் ஓரமாக நின்று பார்ப்பீர்கள். இங்கே விளக்கு உங்கள் கையில் இருக்கும். அதனால்தான் இவ்வளவு கேள்விகள்.

எத்தனை மணிக்கு வரவேண்டும்?

டிசம்பர் 20 வாக்கில் சூரியன் மறைவது ஏறத்தாழ 18.55-க்கு. விளக்கு எடுபடும் அளவுக்கு இருட்ட 19.20 ஆகிவிடும். அறிவிப்பில் 18 மணி என்று போட்டிருந்தால் அது கூடும் நேரம் என்று கொள்ளுங்கள். கிழக்குக் கரையில் மலை மேற்கே இருப்பதால் சீக்கிரம் இருட்டும். மேற்குக் கரையில் சேன்-போல் பக்கம் சூரியன் கடலில் இறங்குவதால் வெளிச்சம் சற்று நேரம் தங்கும்.

பிள்ளைகளோடு வருபவர்கள் வீட்டிலேயே சாப்பாடு கொடுத்து 18.30-க்கு வந்தால் போதும். ஆறு மணிக்கே வந்து விளக்கை ஏற்றிக்கொண்டு திரிந்தால், நடக்கத் தொடங்கும்போது பிள்ளைக்கும் தூக்கம், பேட்டரிக்கும் தூக்கம்.

மெழுகுவத்தியா, பேட்டரி விளக்கா?

பத்து வயதுக்குக் கீழ் பேட்டரிதான். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. இருட்டில், கூட்டத்தில், சிறுபிள்ளை தன் விளக்கைப் பார்ப்பதே இல்லை. அடுத்த பிள்ளையின் விளக்கைத்தான் பார்க்கும். குச்சி சாயும், காகிதம் சுடரில் படும். பெரியவர்கள் மெழுகுவத்தி வைத்துக்கொள்ளலாம், அமைப்பாளர்கள் அனுமதித்தால்.

பேட்டரியில் இரண்டு வகை. தேநீர்க் கோப்பை மெழுகு வடிவில் வரும் சிறு எல்இடி விளக்கு எடை குறைவு, ஆனால் வெளிச்சம் மந்தம். தடித்த காகிதத்துக்குள் வைத்தால் வெளியே தெரியாது. இரண்டு மீட்டர் செப்புக் கம்பியில் இருபது சிறு விளக்குகள் கோத்த சரம் நன்றாக எரியும்; அதற்கு இரண்டு அல்லது மூன்று டபுள்-ஏ பேட்டரி. வாங்கும்போது மஞ்சள் சாயல் வெளிச்சம் கேளுங்கள். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தில் ஆரஞ்சுக் காகிதம் வெளிறிப்போகும்.

சிறு எல்இடி விளக்குக்குள் இருப்பது பெரும்பாலும் சிஆர்2032 என்ற பொத்தான் பேட்டரி. அடிமூடி திருகாணி போட்டு முடுக்கியதாக இருக்கவேண்டும். நகத்தால் திறக்கும் வகையை வாங்காதீர்கள். பிள்ளை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். வாந்தி எடுக்க வைக்காமல், குடிக்கவோ தின்னவோ ஒன்றும் கொடுக்காமல் உடனே அவசர மருத்துவ உதவி எண்ணான 15-ஐ அழையுங்கள். விழுங்கியதாகச் சந்தேகம் மட்டும் இருந்தாலும் அழையுங்கள்.

கைபேசியின் டார்ச்சை எரியவிட்டு விளக்குக்குள் போடுபவர்களும் இருக்கிறார்கள். எடை தாங்காமல் அடி பிய்ந்து கைபேசி கல்லில் விழும்.

வீட்டிலேயே எப்படிச் செய்வது? காற்றிலும் தூறலிலும் நிற்கவேண்டும்.

அதற்கு 1.5 லிட்டர் தண்ணீர் பாட்டிலை விடச் சிறந்தது இல்லை. பேட்டரி விளக்குக்கு மட்டும் இது. சுடர் வைத்தால் பிளாஸ்டிக் உருகும்.

பாட்டிலைக் கழுவிக் காயவைத்து, அடியிலிருந்து 16 முதல் 18 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுங்கள். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும், அதன் மேல் ஒட்டுநாடா சுற்றிவிடுங்கள். பட்டம் செய்யும் மெல்லிய வண்ணத்தாளை மூன்று நான்கு சென்டிமீட்டர் துண்டுகளாகக் கிழியுங்கள். கத்தரிக்க வேண்டாம்: கிழித்த ஓரம் ஒன்றோடொன்று கலந்துவிடும், கத்தரித்த ஓரம் வெளிச்சத்தில் கோடு கோடாகத் தெரியும். வெள்ளைப் பசை இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து, பாட்டிலின் வெளிப்பக்கம் தூரிகையால் பூசி ஒட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு துண்டு அடுத்ததன் மேல் அரை சென்டிமீட்டர் ஏறவேண்டும். இரண்டு அடுக்குக்கு மேல் போனால் வெளிச்சம் அடைபடும்.

அவசரப்படுபவர்களுக்குக் காயவைப்பதில்தான் கெடும். கடற்கரைப் பக்கம் டிசம்பர் ஈரத்தில் ஒரு இரவு முழுக்க வேண்டும். வெயிலில் வைத்தால் சாயம் வெளுக்கும். அன்று பிற்பகல் ஒட்டி அன்று மாலையே எடுத்துப் போனால் தாள் வழுக்கிச் சுருங்கி கீழே இறங்கிவிடும்.

காய்ந்தபின் விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே எதிரெதிராக இரண்டு துளை போடுங்கள். ஒரு மில்லிமீட்டர் கம்பி 50 சென்டிமீட்டர் எடுத்து இரு துளையிலும் மாட்டி, நுனியை மூன்று சுற்று முறுக்கி, கம்பியின் நடுவில் சிறு வளையம் வையுங்கள். பாட்டிலின் அடியில் ஒரு கைப்பிடிக் கூழாங்கல் போட்டால் காற்றில் சுழலாது. அதன் மேல் விளக்குச் சரம்.

குச்சி 60 சென்டிமீட்டர். அதைவிடக் குட்டையாக இருந்தால் விளக்கு முகத்துக்கு வரும். நீளமானால் முன்னால் போகிறவர் தலையில் இடிக்கும். கோயாவியே என்ற சிறு கொய்யாச் செடியின் நேரான கிளை நல்லது, ஆனால் ஒரு வாரம் காயவேண்டும். பச்சைக் குச்சி வளைந்து தொங்கும். மூங்கில் என்றால் நுனிக்கு அருகில் கணு இருக்கும்படி வெட்டுங்கள், இல்லாவிட்டால் பிளந்துவிடும். நுனியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி ஒரு வெட்டுப்பள்ளம் போட்டு, வளையத்தை அதில் உட்காரவைத்துக் கட்டுங்கள். இந்தப் பள்ளத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பத்து அடி நடப்பதற்குள் வளையம் வழுக்கிக் கைக்கு வந்துவிடும்.

கடையில் வாங்கிய மடிப்பு லாம்பியோன் பாதி வழியில் எரிந்துபோகிறதே, ஏன்?

மூன்று காரணம். முதலாவது மெழுகுவத்தி மிக உயரம்: ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் நறுக்குங்கள். இரண்டாவது, மூடிய காரில் வைத்துவிட்டுப் போன மெழுகு. டிசம்பர் வெயிலில் அது இளகி, நிமிர்த்தி வைத்தாலும் மெல்லச் சாயும். மெழுகைத் துணிப்பையில் நிழலில் கொண்டுவாருங்கள். மூன்றாவது, அடித்தகட்டில் சரியாக ஒட்டாமல் விடுவது. இரண்டு சொட்டு உருகிய மெழுகை விட்டு, அதில் ஊன்றி, இறுகும்வரை பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏற்றும்போது விளக்கைக் கீழே மடக்கி, திரி மேலே தெரியும்படி வைத்துப் பற்றவைத்து, பிறகு மேல் வளையத்தை மெதுவாக நேராகத் தூக்குங்கள். ஒருவர் பிடிக்க ஒருவர் ஏற்றினால்தான் சரிவரும். மேல்வாயை எதனாலும் மூடாதீர்கள். சூடு வெளியேற அது ஒன்றுதான் வழி. அணைக்க, நின்று, மறுபடி மடக்கி ஊதுங்கள்.

அகல் விளக்கு கொண்டுவரலாமா?

கையில் ஏந்தி நடக்க வேண்டாம். எண்ணெய் பாதையில் சிந்தினால் பின்னால் வருபவர் வழுக்குவார், அதை இருட்டில் யாரும் பார்க்கமாட்டார்கள். பூங்காவில் ஓரிடத்தில் கோலம் போட்டு அகல் வைக்க இடம் ஒதுக்கியிருந்தால் அங்கே வையுங்கள், புல்லின் மேல் அல்ல, கல் தரையில். திறந்த வெளியில் அகல் பெரும்பாலும் நிற்காது. அகன்ற வாய் ஜாடியின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் மணல் பரப்பி அதற்குள் சுடர் வைத்தால் நிற்கும். கண்ணாடிக்குத் தடை உண்டா என்று முதலில் கேளுங்கள்.

வானத்தில் பறக்கவிடும் காகித விளக்கு?

கூடாது. விட்டபின் அது எங்கே இறங்கும் என்று யாருக்கும் தெரியாது. மழைக்காலம் சரியாகத் தொடங்காத ஆண்டுகளில் மேற்குச் சரிவு டிசம்பரிலும் காய்ந்துதான் கிடக்கும். அந்தச் சரிவின் மேலுள்ள மைதோவில் 2010-இலும் 2011-இலும் பிடித்த தீ தேசியப் பூங்காவின் பகுதியையே தின்றது. அந்த மலைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் அதே 2010-இல்தான். சேன்-தெனி பக்கம் என்றால் விமான நிலையமும் அருகில். "இரவில் காற்று கடல் பக்கம்தான் அடிக்கிறது" என்று வாதாடுவார்கள். தரையில் வீசும் காற்றும் மேலே வீசும் காற்றும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை.

வரிசையில் எப்படி நடப்பது?

முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் குச்சி நீளமும் கை நீளமும் சேர்ந்த இடைவெளி வேண்டும், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். விபத்து நடப்பது நடக்கும்போது அல்ல, வரிசை திடீரென்று நிற்கும்போது. பிள்ளைகள் உள்பக்கம், பெரியவர்கள் தெருப்பக்கம். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இருந்தால் நல்லது. தெருவைக் கடக்கும் இடத்தில் காரில் வைத்திருக்கும் மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். லாம்பியோன் வெளிச்சத்தை நம்பி வண்டிக்காரர் நிறுத்துவார் என்று எண்ணாதீர்கள்.

விளக்கில் தீப்பிடித்தால்? கை சுட்டால்?

குச்சியோடு கீழே போட்டுவிட்டு விலகுங்கள். உதறாதீர்கள், ஓடாதீர்கள். நான்கு பேருக்கு ஒரு தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். துணியில் பற்றினால் தரையில் படுத்து உருளச் சொல்லுங்கள். சுட்ட இடத்தில் குளிர்ந்த தண்ணீரை குறைந்தது பத்து நிமிடம், முடிந்தால் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். பனிக்கட்டி, பற்பசை, மஞ்சள், நெய் எதுவும் வேண்டாம். முகம், கைவிரல்கள், அல்லது உள்ளங்கையை விடப் பெரிய காயம் என்றால் 15. தீயணைப்பு 18. எந்த எண்ணும் நினைவுக்கு வராவிட்டால் 112.

என்ன உடை?

பருத்தி. புடவை, தாவணி என்றால் முந்தானையைச் செருகி ஊசி குத்துங்கள். நைலான், பாலியஸ்டர் தோலோடு ஒட்டி உருகும். முடியைக் கட்டுங்கள். செருப்பைவிட மூடிய காலணி நல்லது: இந்தத் தீவில் விஷப் பாம்பு இல்லை, ஆனால் ஈரப் புல்லில் பூரான் உண்டு.

கொசு?

சிக்குன்குனியா 2005–2006-இல் தீவு மக்களில் மூன்றில் ஒரு பங்கினரைப் படுக்கவைத்தது. 2025-இலும் பெரிதாகப் பரவியது. பரப்புவது பகலில், குறிப்பாக மாலை மயங்கும் நேரத்தில் கடிக்கும் புலிக்கொசு. நீங்கள் பூங்காவில் கூடி நிற்கும் நேரம் அதுவேதான். இருட்டிய பிறகு பூசுவதில் பாதிப் பயன் போய்விடும், எனவே கிளம்பும்போதே பூசுங்கள். குழந்தை வண்டிக்கு வலை போடுங்கள். கைக்குழந்தைக்கு எந்த மருந்து என்பதை மருந்துக்கடையில் வயதைச் சொல்லிக் கேளுங்கள். வேப்பெண்ணெய் பூசிவிட்டு மெழுகுவத்தி ஏந்துபவர்கள் கையை நன்றாகத் துடைத்துக்கொள்ளவும்.

மழை வந்தால் நடக்குமா?

தூறலுக்கு நிற்கமாட்டார்கள். கனமழை அல்லது இடிமின்னல் எச்சரிக்கை இருந்தால் நிகழ்ச்சி ரத்தாகும், நகராட்சி அன்று பிற்பகல்தான் சொல்லக்கூடும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். ஆரஞ்சு எச்சரிக்கை வந்தாலே திறந்தவெளி விழாவை மறந்துவிடுங்கள், சிவப்பு என்றால் வெளியே வரவே கூடாது.

பூங்காவில் மழை இல்லாமல் மலையில் கொட்டுவதுதான் உண்மையான ஆபத்து. திரும்பும் வழியில் ரதியே (ஆற்றின் குறுக்கே தாழப் போட்ட சாலை) மேல் தண்ணீர் ஓடினால் இறங்காதீர்கள், காரிலானாலும் சரி. கணுக்கால் அளவு என்று தெரிவது இருட்டில் கணிக்கமுடியாத அளவு.

விரதத்தில் இருக்கிறேன். அங்கே என்ன சாப்பிடலாம்?

ஆண்டு முடிவில் தீமிதிக்கு விரதம் இருப்பவர்கள் நம்மிடையே அதிகம் என்பதால் இதைத் தெளிவாகச் சொல்கிறோம். போம்போன் பிமான் பார்வைக்கு நம் வடை, பருப்பும் மிளகாயும்தான். ஆனால் கடையில் அதே எண்ணெயில்தான் கோழி சமூசாவும் பொரிவது வழக்கம். தனி எண்ணெயா என்று கேளுங்கள். கேட்பதில் யாரும் கோபிப்பதில்லை. புகை படும் இடத்தையும் தவிர்ப்பவர்கள் இறைச்சி சுடும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் நில்லுங்கள். நிம்மதியான வழி, வீட்டிலிருந்து எலுமிச்சைச் சோறும் பழமும். லிச்சி உச்சப் பருவம் இது, விக்தோரியா அன்னாசியும் கிடைக்கும். லிச்சிக் கொட்டையைப் பாதையில் துப்பாதீர்கள், சின்னக் குழந்தைக்குக் கொட்டை நீக்கிக் கொடுங்கள்.

ஊர்வலம் முடிந்ததும் கிளம்பிவிடலாமா?

இருங்கள். அதன் பிறகுதான் பல இடங்களில் கபார் என்ற பாட்டும் ஆட்டமுமான கூடல் தொடங்கும். ரூலேர் மேளமும், கரும்புப் பூந்தண்டுகளை அடுக்கி உள்ளே விதை போட்ட கயாம்பும் சேர்ந்த மலோயா இசை. 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. தப்பு மேளம் கேட்டு வளர்ந்த காது ரூலேரோடு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். ஆடும் வட்டத்துக்குள் எரியும் விளக்கைக் கொண்டுபோகாதீர்கள். அணைத்து ஓரமாக வைத்துவிட்டு ஆடுங்கள்.

பஸ்ஸில் போய் வரலாமா?

போகலாம், வருவது கடினம். விடுமுறை நாளில் கார் ஜோன் என்ற ஊருக்கு ஊர் போகும் பஸ் குறைவாக ஓடும், கடைசி வண்டி ஊர்வலம் முடிவதற்கு முன்பே போய்விடக்கூடும். திரும்ப யார் காரில் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். காரில் வருபவர்கள் பூங்கா வாசலில் நிறுத்த முயலாமல் பத்து நிமிட நடை தூரத்தில் நிறுத்தினால், வெளியேறும் நெரிசலில் சிக்காமல் முதலில் வீடு சேர்வீர்கள்.

வெளிச்சத்தில் கடற்பறவை விழுந்து கிடந்தால்?

இங்கே கூடு கட்டும் கடற்பறவைகளின் குஞ்சுகள் முதல் பறப்பில் விளக்கு வெளிச்சத்தால் திசை தப்பித் தரையில் விழும். பரோ பெட்ரெல் என்ற இனம் அதிகம் விழுவது ஏப்ரலில், ஆனால் மற்ற இனங்கள் இங்கே கோடையான டிசம்பர் வாக்கிலும் விழும். தரையிலிருந்து அவற்றால் எழும்ப முடியாது. துண்டால் மூடித் தூக்கி, துளையிட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். தண்ணீரோ உணவோ கொடுக்காதீர்கள், வானில் எறிந்து பறக்கவிடவும் முயலாதீர்கள். சேயோர் என்ற பறவை அமைப்புக்குத் தகவல் கொடுத்தால் வழி சொல்வார்கள். நம் கைவிளக்குகளைவிட மேடையின் பெரிய விளக்குகள்தான் இதற்குக் காரணம். அவற்றைக் கீழ்நோக்கித் திருப்பச் சொல்லி அமைப்பாளரிடம் கேட்கலாம்.

படம் எடுக்கலாமா?

ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுங்கள். அடுத்தவர் பிள்ளையின் முகம் தெரியும் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் இணையத்தில் போடாதீர்கள், அது சட்டப்படியும் தவறு.

நம் தமிழ்ச் சங்கம் அங்கே ஒரு மேசை போடமுடியுமா?

முடியும். பூங்கா நகராட்சியின் இடம், ஆகவே கடிதம் நகராட்சிக்கு. குறைந்தது இரண்டு மாதம் முன்னால் எழுதுங்கள்: சங்கத்தின் பதிவு விவரம், பொறுப்புக் காப்பீட்டுச் சான்று, என்ன செய்யப்போகிறீர்கள், எத்தனை மேசை, தீ பயன்படுத்துவீர்களா, மின்சாரம் வேண்டுமா. "தமிழ்ப் பண்பாடு" என்று பொதுவாக எழுதினால் கோப்பு கிடப்பில் கிடக்கும். "மூன்று மீட்டர் கோலம், பேட்டரி விளக்கு, பிள்ளைகளுக்குக் காகித விளக்கு செய்யும் மேசை ஒன்று" என்று எழுதினால் பதில் வரும். பிள்ளைகள் மேசைக்கு ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் உட்காரவைக்காதீர்கள், கத்தரிக்கோல் பெரியவர் கையில் இருக்கட்டும். பசை காய அங்கே நேரமில்லை. முந்தின நாளே ஒட்டிக் காயவைத்த கூடுகளைக் கொண்டுபோய், படம் வரைவதையும் கம்பி மாட்டுவதையும் மட்டும் அங்கே விடுங்கள்.

முடிந்தபின் விளக்கை என்ன செய்வது?

பூங்காக் கிளையில் தொங்கவிட்டுப் போகாதீர்கள். பேட்டரியைக் கழற்றினால் பாட்டில் விளக்கு அடுத்த வருடத்துக்கும் ஆகும். கழற்றாமல் வைத்தால் ஈரத்தில் கசிந்து சரம் கெடும். தீர்ந்த பேட்டரியைப் பேரங்காடி வாசலில் உள்ள சேகரிப்புப் பெட்டியில் போடுங்கள். மெழுகு முழுக்க இறுகிய பிறகே காரில் ஏற்றுங்கள். இருக்கையில் சிந்தினால், ஆறவிட்டுச் சுரண்டி, மேலே காகிதம் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஒற்றுங்கள். சிவப்பு மெழுகின் கறை மட்டும் அதற்கும் போகாது, வெள்ளை மெழுகே வாங்குங்கள்.